ஆந்தை சார் கைபட்ட சுவர்கள்

கோயம்புத்தூர் வட்டாரத்தில் கல்யாணத்துக்குப் போனவர்களைத் துக்கம் விசாரித்துவிட்டு வந்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பிய ஒரே மனிதர் ஆந்தை சார்தான். அவர் யாரையும் சபித்ததில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சுவரில் ஒரு பறவை வரைவார். அவ்வளவுதான். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் உயில் எழுதிவிடலாமா என்று யோசிப்பார்கள்.

அவிநாசி ரோட்டில் ஓர் இன்டீரியர் ஆபீஸில் எனக்கு அப்போது வேலை. வீடு, கடை, மண்டபம் எதுவானாலும் உள்ளே அலங்காரம் செய்து கொடுப்போம். என் பதவிக்குப் பெயர் 'வாடிக்கையாளர் தொடர்பு'. ஆந்தை சார் வந்து சேர்ந்த பிறகு அந்தப் பெயர் தானாக மாறிவிட்டது. அவர் வரைந்துவிட்டு வருவார். பின்னாலேயே நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவேன்.

முதலாளி சண்முகண்ணன் கருமத்தம்பட்டிக்காரர், விசைத்தறிக் குடும்பம். தறிச் சத்தத்தில் காது போவதற்குள் வேறு தொழில் பார்க்கலாம் என்று கோவைக்கு வந்தவர். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. ஆபீஸ் வாசலில் படுத்திருக்கும் தெருநாயைக்கூட "கொஞ்சம் அக்கட்ட போங்க" என்றுதான் விரட்டுவார். அப்படிப்பட்டவரிடம் ஆந்தை சார் வந்து மாட்டினார். அல்லது அவரிடம் இவர் மாட்டினார். இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

வேலை கேட்டு வந்த அன்று அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கறுப்புச் சட்டை, தோளில் ஜோல்னாப்பை. கும்பகோணத்தில் ஓவியம் படித்ததாகச் சொன்னார். முதலாளி வரவேற்பறையின் வெறும் சுவரைக் காட்டி, "மங்களகரமா ஒரு பறவை வரைஞ்சு காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

மாலையில் போய்ப் பார்த்தோம். மேகத்துக்குள் பாதி மறைந்த நிலா. அதன் கீழே புதிதாகத் தோண்டிய ஒரு குழி. மண்ணில் குத்தி நிற்கும் மண்வெட்டி. மண்வெட்டிப் பிடியின் மேல் ஓர் ஆந்தை, நேராக நம்மையே பார்த்துக்கொண்டு. சண்முகண்ணன் வெகுநேரம் நின்றார்.

"ஏனுங்க..."

"சொல்லுங்க."

"ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க. நெசமாலுமே ஆந்தை வந்து ஒக்காந்தாப்பல இருக்குதுங்க." கையைக் கீழே காட்டினார். "அந்தக் குழி யாருக்குங்க?"

ஓவியர் சுவரைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார். "பாக்கறவங்களுக்குங்க."

மறுநாள் அந்தச் சுவரை மறைத்து ஓர் இரும்பு பீரோ வந்தது. அன்றிலிருந்து அவர் ஆந்தை சார். சொந்தப் பெயரை ஆபீஸில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவரே போனில், "நான் ஆந்தை பேசறனுங்க" என்பார்.

ஏன் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார் என்று கேட்பீர்கள். மனிதர் பெயிண்டாலேயே சுவரில் பளிங்குக்கல் வரைவார். மேஸ்திரிகள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். வெறும் பிளைவுட்டைத் தேக்காக்குவார். மிருகமோ பறவையோ உள்ளே வராதவரை அவரைப் போல ஒரு வேலைக்காரர் கிடையாது. வந்துவிட்டால் முடிந்தது.

பேக்கரியில் டீ குடிக்கும்போது ஒருநாள் முதலாளி நயமாக விசாரித்தார்: "உங்க ஸ்டைலுக்கு என்ன பேருங்க?"

"ரொமான்டிக்குங்க."

சண்முகண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. இந்த மனிதருக்கு உள்ளே இப்படி ஒரு பக்கம் இருக்கிறதா என்று நினைத்திருப்பார். அந்த வாரமே, அவருடைய ஒறம்பரையில் சொந்தக்காரர் ஒருவர் கருமத்தம்பட்டிப் பக்கம் கட்டிய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலை ஆந்தை சார் கையில் ஒப்படைத்தார். "ஜோடியா ரெண்டு அன்னம் போதுமுங்க. உங்க ரொமான்டிக் ஸ்டைல்லயே பண்ணிப்போடுங்க."

பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? ஆந்தை சார் சொன்ன ரொமான்டிக் வேறு. ஐரோப்பாவில் ஒரு காலத்து ஓவியர்களுக்கு அந்தப் பெயராம். புயல், பாழடைந்த கோயில், கவிழ்கிற கப்பல், இடி விழும்போது மிரண்டு நிற்கும் குதிரை. இதையெல்லாம் ஆசை ஆசையாக வரைந்தவர்களாம். காதலுக்கும் அதற்கும் இருக்கும் தூரம், நமக்கும் ஐரோப்பாவுக்கும் இருக்கும் தூரத்தைவிட அதிகம்.

வேலை நடக்கும்போது முதலாளி வாட்ஸப்பில் படம் கேட்டார். ஆந்தை சார் ஒரு மூலை வானத்தை மட்டும் அனுப்பினார். "வானம் அருமைங்க" என்று முதலாளி பதில் போட்டார். அடுத்த நாள் ஒரு மூலைத் தண்ணீர் வந்தது. அதுவும் அருமை. அன்னங்கள் வரவேயில்லை.

மண்டபத்தின் முதல் கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர்ச்சுவர் முழுக்கக் கறுத்த குளம். ஓர் அன்னத்தின் கழுத்து தண்ணீர்மேல் சாய்ந்து கிடக்கிறது. இன்னொன்று அதன் பக்கத்தில் நின்று, வானத்தைப் பார்த்து அலகைத் திறந்திருக்கிறது. என் பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் தாய்மாமா. பருப்புச் சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க, அந்தப் பறவைக்கு என்னங்க ஆச்சு?"

ஆந்தை சார் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஒண்ணும் ஆகலீங்க. ஆகப் போகுதுங்க."

தாய்மாமா ரசத்துக்கு வரவில்லை. கை கழுவ எழுந்துவிட்டார். வரிசை வரிசையாகச் சுவரைப் பார்த்தார்கள். பந்தியில் பேச்சு அடங்கிவிட்டது. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மகளைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் தேற்றினார்கள். "அதில்லீங்க, அந்த இன்னொரு அன்னம் இனி என்ன பண்ணுமுங்க?" என்றாள் அந்தம்மா.

மறுநாள் முதலாளி அவரை வேலையைவிட்டு நிறுத்துவதென்று முடிவு செய்தார். சாட்சிக்கு என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்.

"உங்களுக்கு நம்ம ஆபீஸ் ஒத்து வருதுங்களா?"

"ரொம்ப நல்லா ஒத்து வருதுங்க."

"ஒடம்பு சௌரியந்தானுங்களே?"

"சௌரியமுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "அப்பறம்..." என்றார். நெற்றி வியர்த்தது. "டீ சாப்பிடறீங்களா?"

அவ்வளவுதான். வேலை நீக்கம் டீயோடு முடிந்தது.

அன்று வெளியே வந்ததும் நான் கேட்டேவிட்டேன். "ஏன் சார், ஒரே ஒரு தடவை, சும்மா நல்லாயிருக்கிற ஒரு பறவையை வரைஞ்சா என்னங்க சார்?"

அவர் கோபப்படவில்லை. ஜோல்னாப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். "அம்மணி, மனுசன் மூஞ்சில சாவ வரைஞ்சா பாக்கறவன் மூஞ்சியத் திருப்பிக்குவானுங்க. அதையே ஒரு குதிரை கண்ணுல வரைஞ்சு வெய்யுங்க, கிட்ட வந்து பாப்பான். நம்மளுது இல்லை, குதிரையோடதுன்னு நெனச்சுட்டுப் பாப்பான். பாத்து முடிச்சாப்பறந்தான் தெரியும், நம்மளுதுன்னு. அந்தக் காலத்து ஓவியருங்க அதத்தான் பண்ணுனாங்க. சாவறது மனுசனுக்குத் தெரியாதுங்க. மறந்துபோட்டுத் திரிவான். மிருகத்துக்குத் தெரியும்."

இதைச் சொல்லும்போது அவர் முகம் கோயிலில் நிற்பவர் முகம் போல இருந்தது. எனக்கு அன்று இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்தது போத்தனூரில் ஒரு நர்சரிப் பள்ளி. அந்தத் தலைமை ஆசிரியை தெளிவாகத்தான் கேட்டார்: சுவரில் தனித்தனியாக ஒரு முயல், ஒரு ரயில், ஒரு மழை மேகம். பிள்ளைகள் பார்த்துப் பார்த்துப் பெயர் சொல்லிப் பழக வேண்டும். இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஆந்தை சார் மூன்றையும் ஒன்று சேர்த்துவிட்டார். கொட்டுகிற மழை. மழையைக் கிழித்துக்கொண்டு பாலத்தின்மேல் வருகிற ரயில். தண்டவாளத்தில், ரயிலுக்கு முன்னால், காதுகளைப் பின்னுக்கு மடக்கி ஓடுகிற முயல்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"சார், முயல் தப்பிச்சுக்குமா?"

"ஓடிட்டிருக்குது கண்ணு."

"ரயில் அடிச்சுப்போடுமா?"

"இன்னும் ஓடிட்டிருக்குது கண்ணு."

அதற்குமேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து பெயரவில்லை. அந்தப் பள்ளிக்குப் பின்னாலேயே நிஜ ரயில் போகும். ஹார்ன் சத்தம் கேட்கும்போதெல்லாம் வகுப்பு மொத்தமும் எழுந்து சுவரைப் பார்த்து "ஓடு, ஓடு" என்று கத்தியது. அடுத்த வாரம் அம்மாக்கள் திரண்டு வந்தார்கள். "எங்க பாப்பா சோறே திங்க மாட்டீங்கறாளுங்க. முயல் சாப்புட்டுச்சான்னு கேக்கறாளுங்க. நாங்க என்னங்க சொல்றது?"

தண்டவாளத்தைக் கொஞ்சம் வளைத்து, முயலைப் புல்லில் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். ஆந்தை சார் மறுத்துவிட்டார். வரைந்த எதையும் அதுவரை அவர் மாற்றியதே கிடையாது. "ரயில நிறுத்தச் சொல்றீங்க. நிறுத்தறதுக்கு நான் யாருங்க அம்மணி?" கடைசியில் வேறொருவரை வைத்து அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து, குடை பிடித்த வாத்து ஒன்றை வரையச் செய்தோம்.

மறுநாள் ஆந்தை சார் மொட்டைத் தலையோடு ஆபீஸுக்கு வந்தார். எல்லோரும் பதறி எழுந்தோம்.

"ஐயோ, யாருக்குங்க?" என்றார் முதலாளி.

"முயலுக்குங்க."

சண்முகண்ணன் ஒரு கணம் தடுமாறினார். பிறகு பழக்க தோஷம் அவரை வென்றுவிட்டது. இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்குங்க" என்றார்.

இப்படிச் சிரிப்பாகவே சொல்லிக்கொண்டு போகலாம். பெருந்துறைக்குப் போனதையும் சொல்லியாக வேண்டும்.

பெருந்துறைக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு. முதலாளிக்குத் தெரிந்த குடும்பம். ஒரே மகன், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், பைபாஸில் பைக் விபத்தில் போய்விட்டான். வருஷ திதிக்கு ஹாலில் மாட்டப் பெரிதாக ஓவியம் வேண்டும் என்று கேட்டார்கள். புகைப்படமும் கொடுத்தார்கள்: கூலிங் கிளாஸ் போட்டு, பைக்கில் சாய்ந்து சிரிக்கிறான். முதலாளி அவரால் முடிந்த அளவு கண்டிப்பாகச் சொன்னார்: "குதிரை வேண்டாமுங்க, ஆந்தை வேண்டாமுங்க. பையன் மட்டும் போதுமுங்க." ஆந்தை சார் தலையாட்டினார். அந்த வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். போய், காம்பவுண்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஓவியத்தை வேனில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். சுற்றியிருந்த துணியை ஹாலில்தான் பிரித்தார். பையன் இல்லை. திறந்து கிடக்கிற கேட். அதற்கு அப்பால் தோப்புக்குள் போகிற மண்பாதை, மஞ்சள் வெயில். கேட்டின் நடுவில், நமக்கு முதுகு காட்டிக்கொண்டு பாதையையே பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒரு நாய். காதுகள் இரண்டும் விறைத்து நிற்கின்றன. அந்த வீட்டு நாய் மணியேதான். வரும்போது கேட்டில் பார்த்திருந்தேன்.

பையனின் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "எங்க பையன் எங்கீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எத்தனையோ வீட்டில் கேட்ட மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"போட்டா குடுத்தமில்லீங்க? எம் பையன வரைஞ்சு கேட்டா நாய வரைஞ்சு கொண்டாந்திருக்கறீங்க. எங்களப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

அப்போது உள்ளே இருந்து பையனின் அம்மா வந்தார். கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டே படத்தின் பக்கத்தில் வந்து நின்றார். நாயின் காதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது இன்னும் பாத்துட்டே இருக்குதுங்களே" என்றார்.

"ஆமாங்க."

"இப்படியே எந்நேரமும் பாத்துட்டிருக்குமுங்களா?"

"படத்துல இருக்கறதுங்க. பாத்துட்டேதானுங்க இருக்கும்."

அந்தம்மா தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க. மணி இப்படித்தானுங்க கேட்டுலயே கெடக்குது. ரோட்டுல பைக் சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடுது. அவன் வர மாட்டான்னு அதுக்குத் தெரியலீங்க. நாம சொன்னா அதுக்கு என்ன புரியும்? படத்துலயாச்சும் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கட்டுமுங்க. அதப் படுக்க வெச்சுப்போடுங்க."

நான் ஆந்தை சாரைப் பார்க்கவில்லை. முயலுக்காக மொட்டை போட்ட மனிதர் என்ன சொல்லப்போகிறாரோ என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழைய பேப்பர் இருந்தாக் குடுங்க, அம்மா" என்றார் அவர். "கீழ விரிச்சுக்கறனுங்க. தரையில பெயிண்ட் பட்டுறக் கூடாதுங்க."

அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜோல்னாப்பையிலிருந்து டப்பாக்கள் வெளியே வந்தன. முதலில் அந்த விறைத்த முதுகை அழித்தார். முகத்தை நம் பக்கம் திருப்பி, முன்னங்கால்கள்மேல் தாடையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாய் படுத்தது. கண்ணை மூடுவதற்கு மட்டும் வெகுநேரம் பிடித்தது அவருக்கு. அந்தம்மா எதிரிலேயே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் அப்பா தோப்புக்குள் போய்விட்டுத் திரும்பி வந்து, கதவருகில் நின்றார்.

வெயில் தாழும்போது ஆந்தை சார் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஒரு காது மடங்கியிருந்தது. இன்னொன்று நின்றுகொண்டிருந்தது.

"இந்த ஒரு காத மட்டும் அப்படியே உட்டுறட்டுங்களா, அம்மா?" என்று கேட்டார். அவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தம்மா யோசித்தார். "இருக்கட்டுங்க" என்றார். பிறகு உள்ளே போய் எங்களுக்குக் காபி வைத்தார்.

வேனில் திரும்பினோம். பெருமாநல்லூர் தாண்டியதும் தனக்குத்தானே சொல்வதுபோல ஆரம்பித்தார். "அம்மணி, நான் இத்தன வருசம் நெனச்சுட்டிருந்தது தப்புங்க. குதிரைக்குத் தெரியும், நாய்க்குத் தெரியும்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அந்த மணிக்கு ஒண்ணுமே தெரியலீங்க. அந்தம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியுது. தெரிஞ்சுட்டு, அதுக்கும் சேத்தி அவங்கதான் அழுவறாங்க."

"டீ சாப்பிடலாமுங்களா சார்?" என்றேன். முதலாளியின் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மீன் வறுவல் கடைக்கு அவர் வரைந்த மீனைப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் தயிர்சாதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆனால் அந்த மீனின் கண்ணை வரைந்த பிறகு, சாரத்தின்மேலேயே வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் அப்படி உட்காரமாட்டார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன; பேச்சு குழறியது. தங்கை வீட்டில், போத்தனூரில் கொண்டுபோய் வைத்தார்கள். நான் வேறு வேலைக்கு மாறியிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே உட்கார வைத்திருந்தார்கள். பிசியோதெரபிக்காரர் இடது கையால் ஏதாவது கிறுக்கிப் பழகச் சொல்லியிருக்கிறாராம். மடியில் அட்டை, அட்டைமேல் வெள்ளைத்தாள், தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு குதிரை. கால்கள் நாலும் நாலு நீளம். வயிறு பூசணிக்காய் மாதிரி. வாய்க்கு ஒரு கோடு போட்டிருக்கிறார். போகிற போக்கில் கை நடுங்கி, கோடு மேலே ஏறிவிட்டது. குதிரை சிரித்துக்கொண்டிருந்தது.

அவர் அதை எனக்குக் காட்டினார். முகம் முழுக்கக் கோபம். "சி... சிரிக்குதுங்க, அம்மணி."

"ஆமாங்க சார்."

"எதுக்குங்க சிரிக்குது?"

"தெரியலீங்களே சார். வேற தாள் எடுத்துத் தரட்டுங்களா?"

அவர் குதிரையைப் பார்த்தார். நான் ஒரு பழத்தை உரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "வேண்டாமுங்க," என்றார். "சிரிக்கட்டும். அதுக்கென்ன தெரியும்."

புறப்படும்போது அந்தத் தாளை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். இடது கையாலேயே அட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்தவர் சட்டென்று விட்டுவிடவில்லை, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "நான் வரைஞ்சதுன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

அவர் போய்ச் சேர்ந்து இப்போது கொஞ்ச காலம் ஆகிறது. குதிரையைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உங்க பையன் வரைஞ்சதுங்களா?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பையன் கிடையாது. ஒரே பெண், அவளும் சேலத்தில் பல் மருத்துவம் படிக்கிறாள். இருந்தாலும் "ஆமாங்க" என்றுதான் சொல்கிறேன்.